கேட்ட ஆல்பத்துக்கு மார்க் போடுவதா, குறிப்பு எழுதுவதா, பட்டியல் போடுவதா?

புது ஆல்பம் ஒன்றைக் கேட்டு முடித்ததும் "எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். பதில் சொல்வதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பத்துக்கு எத்தனை என்று சொல்லலாமா, நட்சத்திரம் போதுமா, பாட்டுக்குப் பாட்டு எழுத வேண்டுமா, இல்லை வருடக் கடைசியில் ஒரு பட்டியல் போட்டால் போதுமா? இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று ஆல்பம் கேட்கிறவர்கள். மூன்று மாதம் போனால் எது எந்த ஆல்பம் என்றே நினைவில்லை, நண்பர்களோடு பகிரவும் ஆசை, ஆனால் எந்த முறையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

எனக்கு இதில் ஒரு தீர்மானமான கருத்து உண்டு. முதல் தடவை கேட்டுவிட்டு நாம் சொல்வதை இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்ட பிறகு திருத்த இடம் கொடுக்கும் முறைதான் நல்ல முறை. தமிழ் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ரஹ்மான் பாட்டை "ஸ்லோ பாய்சன்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. முதல் நாள் "என்னடா இது" என்ற பாட்டுதான் மூன்றாவது வாரம் வாயில் ஓடிக்கொண்டிருக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலில் நேரம்: ஒரு ஆல்பத்துக்கு எத்தனை நிமிடம் செலவாகும்? கேட்கும் நேரத்தையே தின்றுவிடும் முறை நீடிக்காது. இரண்டாவது, ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் நமக்கே அது புரிய வேண்டும். மூன்றாவது, நண்பருக்கு உதவ வேண்டும். அவருக்கு வேண்டியது நம் தீர்ப்பு இல்லை, கேட்கலாமா வேண்டாமா, கேட்டால் எங்கே தொடங்கலாம் என்பதுதான். நான்காவது, இரண்டு ஆல்பங்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிய வேண்டும். ஐந்தாவது, மேலே சொன்னதுதான், மனம் மாறினால் திருத்த வழி.

இந்த ஐந்திலும் தேறுகிற முறை எதுவும் இல்லை. அதனால் உங்களுக்கு எது முக்கியம் என்பதை முடிவு செய்துகொண்டு மேலே படியுங்கள்.

## பத்துக்கு, நூற்றுக்கு மார்க்

எல்லோருக்கும் முதலில் கைக்கு வருவது இதுதான். வேகம் அதிகம், ஒரு நொடியில் சொல்லிவிடலாம், வரிசைப்படுத்தவும் எளிது. பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சனத் தளம் பல வருடங்களாக 0.0 முதல் 10.0 வரை தசமப் புள்ளியோடு மார்க் போட்டு வருகிறது. அங்கே 10 என்பது அவ்வளவு அரிது. 2010இல் கான்யே வெஸ்டின் ஆல்பம் வாங்கியதற்குப் பிறகு, வெளியானவுடன் 10 வாங்கிய அடுத்த புது ஆல்பம் 2020இல் ஃபியோனா ஆப்பிளுடையதுதான். அப்படி உச்சியைக் காலியாக வைத்திருந்தால் மார்க்குக்கு ஒரு கனம் வரும்.

சிக்கல் என்னவென்றால், எண்ணுக்குப் பொருள் எண்ணில் இல்லை, போடுகிறவரின் பழக்கத்தில் இருக்கிறது. ஆனந்த விகடன் சினிமா விமர்சனத்தில் 16 வயதினிலே படத்துக்கு 62.5 மார்க் கிடைத்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். விகடனின் கறாரான கை தெரிந்தவருக்கு அது மகுடம். தெரியாத ஒருவரிடம் "நூற்றுக்கு 62" என்று சொன்னால், சுமார்தான் போல என்று நகர்ந்துவிடுவார். நம்மில் பெரும்பாலோர் மார்க் போடுவதும் பள்ளிக்கூடக் கணக்கில்தான்: 35க்குக் கீழே போனால் ஃபெயில், ஃபெயில் ஆக்கினால் அவமானம், பிடித்த இசையமைப்பாளரை எப்படி ஃபெயில் ஆக்குவது? அதனால் எல்லா ஆல்பமும் 7க்கும் 8.5க்கும் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். பத்து படி இருந்தும் நாம் புழங்குவது இரண்டு படியில்தான்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. 7.6ஆ 7.8ஆ என்று யோசிக்கிற நேரத்தில் கடைசிப் பாட்டை ஒழுங்காகக் கேட்டிருக்கலாம். மார்க் போட வேண்டும் என்ற நினைப்போடு கேட்கும்போது காது பாட்டை விட்டுவிட்டுத் தவறைத் தேட ஆரம்பிக்கும், இது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

திருத்தம்? போட்ட எண் ஊருக்குத் தெரிந்துவிட்டால் அதைக் காப்பாற்றத்தான் தோன்றும். பிட்ச்ஃபோர்க்கே 2021இல் பழைய மார்க்குகள் சிலவற்றை மாற்றிப் போட்டது. டாஃப்ட் பங்க் குழுவின் டிஸ்கவரி ஆல்பம் 6.4இலிருந்து 10க்குப் போனது. 2003இல் பாடகி லிஸ் ஃபேரின் ஆல்பத்துக்குக் கொடுத்த 0.0 என்ற பூஜ்யம் 6.0 ஆனது. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த பூஜ்யம் பதினெட்டு வருடம் அந்தப் பாடகியின் பெயரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

யூடியூபில் ஆல்பம் விமர்சனம் செய்யும் ஆண்டனி ஃபன்டானோ இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார். தசமப் புள்ளி கிடையாது, முழு எண்தான், அதன் முன்னால் லைட், டீசன்ட், ஸ்ட்ராங் என்று ஒரு சொல். ஸ்ட்ராங் 7 என்றால் 8ஐ எட்டிப் பார்க்கிறது என்று உடனே புரிகிறது.

மார்க் உங்களுக்குச் சரிவரும் இடம்: மாதம் இருபது முப்பது ஆல்பம் கேட்கிறீர்கள், உங்கள் அளவுகோல் நண்பர்களுக்கு ஏற்கனவே தெரியும், எது மேலே எது கீழே என்று சட்டென்று பார்க்க வேண்டும். அப்போது தாராளமாகப் போடுங்கள், ஆனால் 5 என்றால் என்ன, 7 என்றால் என்ன என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டு போடுங்கள்.

## நட்சத்திரமும் கிரேடும்

ஐந்து நட்சத்திரத்தில் படிகள் குறைவு, அதனால் குழப்பமும் குறைவு. 2000இல் தொடங்கிய ரேட் யுவர் மியூசிக் தளத்தில் அரை அரையாக 0.5 முதல் 5 வரை போடலாம். புதிதாகக் கேட்டதைப் பதிவு செய்து மற்றவர்களோடு ஒப்பிட நினைப்பவருக்கு அது வசதியான இடம். ஆனால் எல்லாம் 3.5இல் வந்து குவியும். பிடித்தது, ஆனால் உயிரைக் கொடுக்கிற அளவுக்கு இல்லை என்கிற எல்லாவற்றுக்கும் 3.5தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தக் குவியலில் எதைத் திரும்பக் கேட்கலாம் என்று சொல்ல முடியாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது அமெரிக்க இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவின் வழி. அவர் 1969இல் நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையில் ஏ பிளஸ் முதல் இ மைனஸ் வரை கிரேடு கொடுத்து, ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு சின்னப் பத்தி எழுத ஆரம்பித்தார். பிற்பாடு சில குறியீடுகளையும் சேர்த்துக்கொண்டார். அதில் ஒன்று கத்தரிக்கோல் படம். ஆல்பம் தேறாது, ஆனால் இந்த ஒரு பாட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள் என்று பொருள். தமிழ் சினிமா ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான குறி இருக்க முடியாது. ஐந்து பாட்டில் மூன்று சும்மா, ஒன்று பரவாயில்லை, ஒன்று மட்டும் அள்ளிக்கொண்டு போகும். இதற்கு சராசரி எடுத்து 2.5 நட்சத்திரம் போட்டால் அந்த ஒரு பாட்டுக்கு அநியாயம் செய்கிறோம். கத்தரிக்கோல் போட்டுப் பாட்டின் பெயரை எழுதினால் முடிந்தது.

## பாட்டுக்குப் பாட்டு குறிப்பு

நேரம் அதிகம் எடுக்கும், பலனும் இதில்தான் அதிகம் என்பது என் எண்ணம். ஒரு பாட்டுக்கு ஒரு வரி, ஒன்றரை வரி. என்ன வாத்தியம் காதில் விழுந்தது, எந்த இடத்தில் சிலிர்த்தது, எங்கே அலுத்தது.

இளையராஜாவின் 1986 ஆல்பமான ஹவ் டு நேம் இட் கேட்ட ஒருவர் நாலரை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகலாம். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ் – தனி வயலினுக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பு) முதல் பகுதி ஓட ஓட, அதன் மேல் ராஜா தன் இழைகளைச் சேர்க்கிறார். முதலில் மூல வயலினை மட்டும் பின்தொடரணும், அடுத்த தடவை சேர்த்ததை மட்டும். ஹெட்ஃபோன் அவசியம்." இந்தக் குறிப்பைப் படிக்கும் நண்பர் அன்றைக்கே அந்தப் பாட்டைப் போட்டுவிடுவார், எப்படிக் கேட்பது என்பதும் அவர் கையில் இருக்கிறது. நாலரை நட்சத்திரத்தால் இது முடியாது. ஆறு மாதம் கழித்து நீங்களே எடுத்துப் பார்த்தாலும் அன்றைக்கு உங்கள் காதில் என்ன விழுந்தது என்பது அப்படியே திரும்ப வரும்.

செலவு என்று பார்த்தால், கேட்டுக்கொண்டே எழுதுவது பெரிய தொல்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டால் ஆல்பம் துண்டு துண்டாகிவிடும், ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஓட்டம் காதில் விழாது. முழு ஆல்பத்தையும் ஒரு கதையாகக் கட்டியவர்களுக்கு இது நியாயமில்லை. அதனால் முதல் தடவை எழுதவே வேண்டாம், இரண்டாவது தடவை கேட்கும்போது எழுதுங்கள்.

சினிமா ஆல்பத்தில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்துக்கொள்வோம். பொன்னி நதி 2022 ஜூலை 31இல் வந்துவிட்டது, சோழா சோழா ஆகஸ்ட்டில், முழு ஆல்பம் செப்டம்பர் 6இல். மொத்தம் ஆறு பாட்டு. ஆல்பம் வந்த அன்று பொன்னி நதியை ஐந்து வாரமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். அலைகடலையும் ராட்சஸ மாமனேயையும் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறோம். ஐந்து வாரம் பழகிய பாட்டையும் ஒரு நாள் பழகிய பாட்டையும் ஒரே தட்டில் வைத்து மொத்த மார்க் போட்டால் அது எந்தப் பக்கமாவது சாயத்தான் செய்யும். இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பொன்னி நதியில் பாடிய பம்பா பாக்யா ஆல்பம் வருவதற்கு நாலு நாள் முன்னால், செப்டம்பர் 2இல், இறந்துபோனார். அந்த வாரம் அவர் குரலைக் கேட்டவர்கள் எல்லோரும் வேறு மனநிலையில் கேட்டார்கள். அதற்குப் பிறகு செப்டம்பர் 30இல் படம் வந்து, காட்சியோடு பார்த்ததும் இன்னொரு தடவை எல்லாம் மாறும். பாட்டுக்குப் பாட்டு, தேதி போட்டு எழுதியவர் கையில் மட்டும்தான் இந்த மாற்றம் முழுக்கப் பதிவாகியிருக்கும். ஒற்றை எண் போட்டவருக்கு எண் மாறியது தெரியும், ஏன் மாறியது என்பது தெரியாது.

## பட்டியலும் புள்ளிப் பங்கீடும்

தனித்தனி மார்க் இல்லாமல், இந்த மாதத்தில் அல்லது வருடத்தில் கேட்டவற்றை வரிசையாக அடுக்குவது. இதில் ஏமாற்ற முடியாது. எல்லாவற்றுக்கும் 8 போடலாம், எல்லாவற்றையும் முதலிடத்தில் வைக்க முடியாது.

வில்லேஜ் வாய்ஸ் வருடா வருடம் விமர்சகர்களிடம் நடத்திய பாஸ் அண்ட் ஜாப் என்ற வாக்கெடுப்பில் இதற்கு அழகான ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 புள்ளி. அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒரு ஆல்பத்துக்கு அதிகபட்சம் 30, குறைந்தது 5. வெறும் வரிசையில் முதலுக்கும் இரண்டாவதுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியாது. இதில் 30, 8, 8, 8 என்று போடுகிறவர் ஒரு ஆல்பத்தோடு வாழ்ந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் 10 போடுகிறவருக்கு அந்த வருடம் பரவாயில்லை, ஆனால் எதுவும் ஆளைத் தூக்கவில்லை. ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து டிசம்பரில் செய்து பாருங்கள், மார்க் சண்டையைவிட எவ்வளவோ நல்ல பேச்சு வரும், ஏனென்றால் ஒருவர் தன் 30ஐ எங்கே வைத்தார் என்பதிலிருந்தே பேச்சு தொடங்கும்.

குறை என்னவென்றால், இன்றைக்குக் கேட்ட ஆல்பத்தைப் பற்றி இன்றைக்கே ஒன்றும் சொல்லாது. ஜனவரியில் வந்த நல்ல ஆல்பம் டிசம்பருக்குள் மறந்தும் போகும். அதோடு சஞ்சய் சுப்ரமணியனின் கச்சேரிப் பதிவையும் சந்தோஷ் நாராயணனின் சினிமா ஆல்பத்தையும் எந்த அடிப்படையில் மேலே கீழே வைப்பது? வகைக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்வதுதான் வழி.

## கேட்ட எண்ணிக்கையே பேசட்டும்

நீங்கள் ஒன்றுமே எழுத வேண்டாம், லாஸ்ட்.எஃப்.எம் மாதிரி, கேட்பதைக் கணக்கெடுக்கும் ஒரு சேவையை உங்கள் பாட்டு ஆப்போடு இணைத்துவிட்டால் கேட்டதெல்லாம் தானாகப் பதிவாகும். ஒரு பாட்டில் பாதியோ நாலு நிமிடமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை ஓடினால் ஒரு தடவை என்று கணக்கு. உழைப்பே இல்லை. பொய்யும் இல்லை: வாயால் புகழ்ந்த ஆல்பத்தை நிஜத்தில் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பதை முகத்துக்கு நேரே காட்டிவிடும்.

ஆனால் கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. முக்கால் மணி நேர ராகம் தானம் பல்லவி ஒரே டிராக்காக இருந்தால் அது ஒரு எண்ணிக்கை. அதே நேரத்தில் நாலு நிமிட சினிமாப் பாட்டு பதினொரு தடவை ஏறிவிடும். தோடி ராகத்தில் முழுகிக் கிடந்த மாதத்தைக் கணக்கில் பார்த்தால் ஒன்றுமே கேட்காத மாதம் மாதிரி இருக்கும். வீட்டில் குழந்தை உங்கள் போனில் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தால் அதுதான் உங்கள் வருடத்தின் முதல் பாட்டு. அடிக்கடி கேட்பதும் ஆழமாகப் பிடிப்பதும் ஒன்று இல்லை, சில ஆல்பங்களை வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கேட்க மனசு தாங்காது.

துணைக்கு வைத்துக்கொள்ளலாம். தீர்ப்பு சொல்லும் வேலையை இதனிடம் விடாதீர்கள்.

## மார்க்கே இல்லாத ஒரு பத்தி

எண் கிடையாது, நட்சத்திரம் கிடையாது, ஐந்தாறு வரியில் கேட்டதைச் சொல்வது. நல்லா எழுத வருகிறவர்களுக்கு இதுதான். படிக்கிறவர் கடைசியில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஓட முடியாது, முழுதும் படித்தாக வேண்டும். திரைப்படம் சாராத தமிழ் இசைக்கு இது மிகவும் தேவை என்று நினைக்கிறேன். தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் சேர்ந்த குழுவை முதன்முதலில் ஒருவருக்கு அறிமுகம் செய்யும்போது 8.2 என்பது அவருக்கு எதையும் சொல்லாது. யார், எங்கிருந்து வருகிறார்கள், எதைப் பற்றிப் பாடுகிறார்கள், எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்பதுதான் அவரை உள்ளே இழுக்கும்.

செலவு: எழுத உட்காருவதே ஒரு வேலை. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு இரண்டு மாதத்தில் நின்றுவிடும். ஒப்பிடவும் முடியாது, நாற்பது பத்திகளை வரிசைப்படுத்த வழியில்லை. அப்புறம், "மனதை வருடும் மெலடி", "துள்ள வைக்கும் தாளம்" என்று தேய்ந்த சொற்களில் விழுந்துவிட்டால் எண்ணைவிட மோசம், ஏனென்றால் எண்ணாவது இடத்தை அடைக்காது.

## ஒரே பார்வையில்

| முறை | ஆகும் நேரம் | ஆறு மாதம் கழித்து | நண்பருக்கு உதவி | ஒப்பிட | திருத்த |
|---|---|---|---|---|---|
| 10 / 100 மார்க் | மிகக் குறைவு | எண் மட்டும் மிஞ்சும் | உங்கள் அளவுகோல் தெரிந்தால் மட்டும் | மிக எளிது | மனசு வராது |
| நட்சத்திரம், கிரேடு | குறைவு | சுமார் | கத்தரிக்கோல் குறி இருந்தால் நன்று | எளிது | பரவாயில்லை |
| பாட்டுக்குப் பாட்டு | அதிகம் | மிக நன்று | மிக நன்று | கடினம் | மிக எளிது |
| பட்டியல், 100 புள்ளி | வருடத்துக்கு ஒரு மாலை | நன்று | டிசம்பரில் மட்டும் | மிக நன்று | அடுத்த பட்டியலில்தான் |
| எண்ணிக்கை | இல்லவே இல்லை | உண்மை, ஆனால் பாதி | குறைவு | ஏமாற்றும் | தானாக மாறும் |
| பத்தி | மிக அதிகம் | மிக நன்று | எழுத்தைப் பொறுத்து | முடியாது | சேர்த்து எழுதலாம் |

## யாருக்கு எது

உங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் பாட்டுக்குப் பாட்டு குறிப்பு, தேதியோடு. யோசிக்கவே வேண்டாம். எல்லாப் பாட்டுக்கும் எழுத நேரமில்லை என்றால் மிகப் பிடித்த ஒன்று, பிடிக்காத ஒன்று, இந்த இரண்டுக்கு மட்டும் எழுதினாலே பெரிய விஷயம்.

நாலைந்து நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் மூன்றே தரம் வையுங்கள்: முழுசா கேளு, இந்தப் பாட்டை மட்டும் கேளு, விட்டுடு. அதன் கீழே ஒரு வரி. எண் வேண்டாம், ஏனென்றால் நண்பர்களுக்குள் எண் வந்தால் பேச்சு பாட்டை விட்டுவிட்டு எண்ணைச் சுற்ற ஆரம்பிக்கும், அதிலும் இசையமைப்பாளர் ரசிகர் சண்டை உள்ள குழு என்றால் கேட்கவே வேண்டாம். வெளியான அன்றே தரம் சொல்லும் அவசரத்தையும் குழுவில் நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்துச் சொல்வது என்று ஒரு விதி வைத்தாலே பேச்சின் தரம் மாறிவிடும்.

முன்பின் தெரியாதவர்களும் படிக்கும் இடத்தில் எழுதுகிறீர்கள் என்றால் பத்தி எழுதுங்கள், வேண்டுமானால் கடைசியில் கிரேடு போடுங்கள். அங்கே உங்கள் மார்க் இன்னும் பெயர் பெறாத ஒரு பாடகரின் முதல் ஆல்பத்தின் மேல் விழும், இதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று சொல்ல இரண்டு வரி கூடுதலாகச் செலவு செய்யலாம், அது அவருக்கும் உதவும்.

வருடத்துக்கு நூறு ஆல்பத்துக்கு மேல் கேட்கிறவர் என்றால் மார்க் இல்லாமல் சமாளிக்க முடியாது, முழு எண்ணில் போடுங்கள், டிசம்பரில் 100 புள்ளியைப் பிரித்து அந்த மார்க் எல்லாம் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். ஜனவரியில் 9 போட்ட ஆல்பத்துக்கு டிசம்பரில் 5 புள்ளி கொடுக்கக்கூட மனசு வரவில்லை என்றால், பழைய 9ஐ அழிக்காமல் அதன் பக்கத்திலேயே புது மார்க்கையும் தேதியையும் எழுதுங்கள்.